எண்களைத் தேடிய எளிய துறவி: அருட்தந்தை மரின் மெர்சென் (1588–1648)



யூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். புனிதர்களின் வரலாறுகளை நம் மக்கள் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே இம்முறை, பீடத்திற்கு உயர்த்தப்படாத ஒரு குருவின் வரலாற்றை எழுத முற்பட்டோம். கணித உலகம் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் அவருடையது. கத்தோலிக்கராகிய நாமோ அதை ஏறக்குறைய மறந்தே போனோம்.

இவரை நமக்கு அறிமுகம் செய்தவன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவன். பங்கு அலுவலகத்துக் கணிப்பொறி இரவு முழுவதும் சும்மாதானே கிடக்கிறது, அதைக் கொண்டு மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் உலகளாவிய முயற்சியில் சேர்ந்து கொள்ளலாமா என்று கேட்டுக் கொண்டு வந்தான். மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதே நம் வாயில் வந்த முதல் கேள்வி. அதனால் யாருக்கு என்ன பயன் என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு அவன், அந்த எண்களுக்கு ஒரு குருவானவரின் பெயரையே இட்டிருக்கிறார்களே, ஃபாதருக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டான். குருமடத்தில் அத்தனை ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் படித்த நமக்கு அது தெரியாது. வெட்கத்தோடு தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

பிறப்பும் படிப்பும்

பிரான்சு நாட்டின் மேன் பகுதியில் வாஸே என்னும் சிற்றூரை அடுத்து, 1588-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் மரின் மெர்சென் பிறந்தார். அது அன்னை மரியாளின் பிறப்புப் பெருவிழா. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் நம் மக்களுக்கு அந்த நாளைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் வசதி படைத்தவர்கள் அல்லர். ஆயினும் மகனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, முதலில் லெ மான் நகரத்துக் கல்லூரியிலும், பின்னர் லா ஃபிளெஷ் நகரில் இயேசு சபையார் 1604-இல் புதிதாகத் திறந்த கல்லூரியிலும் படிக்க வைத்தனர். பிற்காலத்தில் மெய்யியலின் போக்கையே மாற்றிய டெக்கார்ட்டும் அதே கல்லூரியின் மாணவரே. மெர்சென் அவருக்கு எட்டு வயது மூத்தவர்.

மேற்படிப்புக்காகப் பாரிசுக்குச் சென்ற மெர்சென் அங்கே இறையியல் கற்றார். 1611-ஆம் ஆண்டு மினிம் துறவற சபையில் சேர்ந்தார். இத்தாலி நாட்டுப் புனித பவுலா பிரான்சிஸ் தோற்றுவித்த சபை அது. மினிம் என்ற சொல்லுக்கு மிகச் சிறியோர் என்பது பொருள். அச்சபையார் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக ஒன்றையும் கொடுத்தனர். ஆண்டு முழுவதும் தவக்காலம் போல, இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவுமின்றி உண்பதே அது. நாற்பது நாள் ஒறுத்தலுக்கே நம்மில் பலர் நாட்காட்டியைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். மெர்சென் அந்த உணவிலேயே முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார்.

குருப்பட்டம் பெற்ற பின் நெவேர் நகரில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1619-இல் பாரிசு திரும்பி, அரச சதுக்கத்தின் அருகே இருந்த தம் சபையின் மடத்தில் தங்கினார. சில பயணங்கள் நீங்கலாக, இறுதி வரை அந்த மடத்துச் சிற்றறையே அவர் உலகமாயிற்று. உலகமும் அந்த அறையைத் தேடி வந்தது.

கடிதங்களின் கூடம்

அக்காலத்தில் அறிவியல் இதழ்கள் இல்லை. ஓர் ஊரில் ஒருவர் கண்டறிந்த உண்மை அடுத்த ஊரில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், பிறர் திருடி விடுவார்களோ என்று அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைப் பெட்டியில் பூட்டி வைத்தனர். இந்த நிலையில் மெர்சென் தம் எழுதுகோலை எடுத்தார். துலூஸ் நகரத்து நீதிமன்ற அலுவலர் ஃபெர்மா எதையும் அச்சிட விரும்பாதவர். ஆலந்து நாட்டில் ஒதுங்கி வாழ்ந்த டெக்கார்ட் எவரையும் எளிதில் சந்திக்காதவர். இத்தாலியில் கலிலேயோ, டாரிசெல்லி, ஆலந்தில் இளைஞர் ஹைகன்ஸ், பிரான்சில் பாஸ்கல் குடும்பத்தார், குருவும் வானியலாருமான கசெந்தி என்று எல்லாருக்கும் அவர் எழுதினார். ஒருவர் கேட்ட கேள்வியை மற்றவருக்கு அனுப்பினார். வந்த விடையை மூன்றாமவருக்குப் படியெடுத்து அனுப்பினார். மெர்சென் ஒருவருக்குச் சொன்னால் ஐரோப்பா முழுவதற்கும் அச்சிட்டுப் பரப்பியதற்குச் சமம் என்று அக்காலத்தவர் கருதினர். அவர் இறந்த பின் அறையில் 78 பேர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவருடைய கடிதப் போக்குவரத்து நம் காலத்தில் அச்சேறிய போது 17 தொகுதிகளாயிற்று.

1635 முதல் பாரிசில் அறிஞர்களைக் கிழமைதோறும் ஒன்றுகூட்டவும் செய்தார். அந்தக் கூட்டத்தில் தந்தையோடு வந்து அமர்ந்த சிறுவன் பிளேஸ் பாஸ்கல், பதினாறு வயதில் வடிவ கணிதத்தில் தன் முதல் கட்டுரையை எழுதினான். 1644-இல் இத்தாலிக்குப் புறப்பட்ட மெர்சென், பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அழுத்தத்தைக் காட்டும் டாரிசெல்லியின் சோதனையைப் பற்றிய செய்தியைப் பிரான்சுக்குக் கொண்டு வந்தார். தாமே அதைச் செய்து பார்க்க முயன்றார். தக்க கண்ணாடிக் குழாய் கிடைக்காமல் தோற்றார். பின்னர் பாஸ்கல் அதைச் செய்து புகழ் பெற்றார். அதில் மெர்சென் மனம் கசந்ததாக வரலாறு இல்லை.

கலிலேயோவின் பெயரைச் சொன்னவுடன், திருச்சபைக்கும் அறிவியலுக்கும் பகை என்று சிலர் பேசத் தொடங்குவர். 1633-இல் கலிலேயோ கண்டிக்கப்பட்டது உண்மை, வருந்தத்தக்க உண்மை. அதற்கு அடுத்த ஆண்டே, பொறிகளின் இயக்கத்தைப் பற்றிக் கலிலேயோ எழுதிய நூலைப் பிரெஞ்சு மொழியில் அச்சிட்டு வெளியிட்டவர் இந்த மினிம் துறவியே. 1639-இல் கலிலேயோவின் இறுதி நூலின் கருத்துகளையும் பிரெஞ்சில் வெளியிட்டார். சோதிடத்தையும் மாந்திரீகத்தையும் எதிர்த்துப் பெரிய நூல்களை எழுதிய கையும் அதே கைதான். அளந்து பார்க்கக் கூடியதை அளந்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இசையையும் அவர் அப்படியே அளந்தார். 1636-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பெரும் இசை நூலில், நரம்பின் நீளம், முறுக்கம், கனம் ஆகியவை சுருதியை எவ்வாறு மாற்றும் என்ற விதிகளைத் தந்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். நீளத்தை மாற்றாமல் முறுக்கிப் பெற வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். நம் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் பிள்ளைகள் முறுக்காணியைத் திருகும் போதெல்லாம் ஒரு குருவின் விதியைக் கையாளுகிறார்கள்.

நெல்மணியும் பகா எண்ணும்

இனி எண்களுக்கு வருவோம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள். 15 பகா எண் அன்று, ஏனெனில் அது மூவைந்து.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்து வைக்கும் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டு கட்டங்கள் வரை கூட்டினால் 3 நெல். மூன்று கட்டங்களில் 7. ஐந்து கட்டங்களில் 31. ஏழு கட்டங்களில் 127. இவை யாவும் பகா எண்கள். நான்கு கட்டங்களில் 15, ஆறு கட்டங்களில் 63. இவை பகா எண்கள் அல்ல. கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் நெல்லின் கூட்டுத்தொகையும் பகா எண்ணாக முடியும். ஆனால் இருந்தே தீரும் என்பதில்லை. பதினொரு கட்டங்களின் கூட்டுத்தொகை 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கியது.

இந்த எண்களின்மேல் துறவிக்கு ஏன் நாட்டம் வந்தது? 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. இத்தகைய எண்களை நிறைவு எண்கள் என்பர். 28-உம் அப்படிப்பட்டதே. இறைவன் ஆறு நாட்களில் உலகைப் படைத்ததாகத் தொடக்க நூல் கூறுவதை விளக்கும் போது, புனித அகுஸ்தினார் ஆறு என்ற எண்ணின் நிறைவைச் சுட்டிக் காட்டியுள்ளார். நாம் மேலே கண்ட நெல்மணிப் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவு எண்ணைத் தரும் என்று யூக்ளிட் அதற்கு முன்பே நிறுவியிருந்தார். ஆகவே தொடக்க நூலுக்கு விரிவுரை எழுதிய மெர்சென் இவற்றைத் தேடியதில் வியப்பில்லை.

1644-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். 257 கட்டங்கள் வரை பார்த்தால், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய கட்டங்களில் மட்டுமே கூட்டுத்தொகை பகா எண்ணாகும் என்றார். அத்தனை பெரிய எண்களைச் சோதித்து முடிக்க மனிதனின் காலம் போதாது என்பதையும் அவரே ஒப்புக் கொண்டார். ஆயினும் துணிந்து எழுதினார்.

அவர் பட்டியல் தவறு. ஒன்றல்ல, ஐந்து தவறுகள். 67-உம் 257-உம் சேர்ந்திருக்கக் கூடாது. 61, 89, 107 விடுபட்டுப் போயின.

தவற்றைத் திருத்தியவர்கள்

அந்த ஐந்து தவறுகளையும் திருத்த உலகம் முந்நூறு ஆண்டுகள் உழைத்தது. 31 கட்டங்களின் எண் பகா எண்ணே என்று 1772-இல் ஆய்லர் நிறுவினார். 127 கட்டங்களின் 39 இலக்க எண்ணை 1876-இல் பிரான்சு நாட்டு லூக்கா கையாலேயே கணக்கிட்டு உறுதி செய்தார். 67 பகா எண் தராது என்பதையும் அவரே காட்டினார். 61 விடுபட்டதை 1883-இல் கண்டுபிடித்தவர் உருசிய நாட்டுக் கிராமத்தில் பணியாற்றிய ஆர்த்தடாக்ஸ் குரு பெர்வூஷின். ஒரு குரு விட்ட பிழையை மற்றொரு குரு திருத்தியது இறைவனின் திருவிளையாட்டு போலும்.

1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்ற பேராசிரியர் கரும்பலகைக்கு முன் வந்து நின்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. 67 கட்டங்களின் 21 இலக்க எண்ணை ஒரு பக்கம் எழுதினார். மறுபக்கம் 193707721 என்ற எண்ணை 761838257287 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்றாயின. அவை எழுந்து நின்று கைதட்டியது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தனவாம். நம் பங்கு மக்கள் ஞாயிறு திருப்பலி முடிந்த பின்னரே கணக்குப் போட வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். 89-உம் 107-உம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டன. 1947-இல்தான் பட்டியல் முழுவதும் சோதித்து முடிக்கப்பட்டது.

தவறான பட்டியல் தந்தவரின் பெயரையா இந்த எண்களுக்கு வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆம், மெர்சென் எண்கள் என்றே உலகம் இவற்றை அழைக்கிறது. அவர் பட்டியலை வெளியிடாமல் தம் அறையில் ஒளித்து வைத்திருந்தால் அவருக்குத் தவறு நேர்ந்திராது. திருத்த முனைந்தவர்கள் கண்டறிந்த புதிய வழிகளும் நமக்குக் கிடைத்திரா.

நம் வட சென்னைக்கும் இதில் ஒரு நினைவு உண்டு. 1912 மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தாம் கண்டவற்றைக் கடிதமாக எழுதினார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் பிழைகள் இருந்தன. ஆயினும் ஹார்டி கடிதத்தைத் தூக்கி எறியாமல் பதில் எழுதினார். பிழைக்கு அஞ்சி இராமானுஜன் அந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருந்திருந்தால் உலகம் எதை இழந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இறுதி நாட்கள்

1648-ஆம் ஆண்டுக் கோடையில் மெர்சென் நெஞ்சு நோயால் படுக்கையில் விழுந்தார். மருத்துவர்கள் சீழ்க்கட்டியைத் தேடிக் கீறினர். கண்டுபிடிக்க முடியவில்லை. தம் நோயின் காரணத்தை மற்றவர்களாவது அறிந்து பயன் பெறட்டும் என்று, இறந்த பின் தம் உடலை அறுத்துச் சோதிக்கும்படி அவரே கேட்டுக் கொண்டார். செப்டம்பர் 1-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அறுபது வயது நிறைய இன்னும் ஏழு நாட்களே இருந்தன. வாழ்நாளெல்லாம் தாம் அறிந்ததைப் பிறருக்குக் கொடுத்தவர், இறுதியில் தம் உடலையும் அறிவுக்கே கொடுத்தார். அவர் இறந்த அதே மாதத்தில்தான், மலையுச்சியில் காற்றின் அழுத்தம் குறைவதைக் காட்டும் பாஸ்கலின் சோதனை வெற்றி பெற்றது. அதைக் கேட்க மெர்சென் இல்லை. 1666-இல் பிரான்சு நாட்டு அறிவியல் கழகம் அமைக்கப்பட்ட போது, அதற்கு வித்திட்டவை இத்துறவி நடத்திய கூட்டங்களே என்பதை அறிஞர்கள் ஒப்புக் கொண்டனர்.

இன்றைய மெர்சென் பணி

மாணவன் நம்மிடம் கேட்டது இந்தப் பணியின் தொடர்ச்சியே. 1996-இல் அமெரிக்கரான ஜார்ஜ் வோல்ட்மன் ஒரு நிரலை எழுதி, விரும்பியவர் எவரும் இலவசமாகப் பெற்றுக் கொள்ளும்படி வெளியிட்டார். கிம்ப்ஸ் என்பது அம்முயற்சியின் சுருக்கப் பெயர். தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் சோதிக்க ஓர் எண் ஒதுக்கப்படும். அவருடைய கணிப்பொறி ஓய்ந்திருக்கும் நேரத்தில் அதைச் சோதித்து விடையை இணையம் வழியே அனுப்பும். ஒருவர் தந்த விடையை மற்றொருவர் சரிபார்ப்பதும் உண்டு.

இம்முயற்சி நெடுங்காலம் கையாண்ட சோதனை முறை லூக்கா வகுத்ததும் லேமர் செப்பனிட்டதுமாகும். நம் மறைக்கல்விப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஐந்து கட்டங்களின் 31-ஐ எடுத்துக் கொள்வோம். 4-இல் தொடங்குங்கள். அதைத் தன்னாலேயே பெருக்கி 2 கழித்தால் 14. 14-ஐத் தன்னாலேயே பெருக்கி 2 கழித்தால் 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-ஐத் தன்னாலேயே பெருக்கி 2 கழித்தால் 62. 31-ஆல் வகுத்தால் மீதி இல்லை. கட்டங்களின் எண்ணிக்கைக்கு இரண்டு குறைவாக, அதாவது மூன்று முறை செய்த பின் மீதியில்லாமல் முடிந்தால் அது பகா எண். பெரிய எண்ணுக்கு இதே வேலையைக் கோடிக் கணக்கான முறை செய்ய வேண்டும்.

இம்முயற்சியின் முதல் கண்டுபிடிப்பு 1996 நவம்பரில், மெர்சென் வாழ்ந்த பாரிசு நகரத்திலேயே நிகழ்ந்தது. 2017 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், 2 கோடியே 32 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் கிடைத்தது. அதைக் கண்டது அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்து அலுவலகக் கணிப்பொறி! 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டறிந்தது 13,62,79,841 கட்டங்களுக்குரிய எண். அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் ஓயாமல் எழுதினாலும் 474 நாட்களுக்கு மேல் ஆகும். அதோடு, அறியப்பட்ட மெர்சென் பகா எண்கள் 52 ஆயின. அவற்றுள் 18 இத்தன்னார்வலர்கள் கண்டவை.

இருபத்தெட்டு ஆண்டுகளில் பதினெட்டே எண்கள். அப்படியானால் பல்லாயிரம் பேருக்குக் கிடைத்த விடை என்ன? இது பகா எண் அன்று என்பதே. அந்த விடையும் வீண் அன்று. இந்த இடத்தில் இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால்தான் மற்றவர் அடுத்த இடத்தில் தேட முடியும்.

பயன் என்ன என்ற நம் இரண்டாவது கேள்விக்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். வங்கிகளின் இரகசியக் குறியீடுகளுக்குப் பகா எண்கள் உதவுகின்றன. ஆனால் இத்தனை பெரியவை அங்கே தேவையில்லை. கணிப்பொறிகளின் குறைகளைக் கண்டறிய இந்தச் சோதனை பயன்பட்டிருக்கிறது. மற்றபடி, உண்மையை அறிந்து கொள்வதே இதன் பயன். இறைவனின் படைப்பில் உள்ள ஓர் உண்மையை, கைம்மாறு கருதாமல் பலர் கூடித் தேடுவதைப் பயனற்றது என்று சொல்ல ஒரு குருவுக்கு வாய் வரக் கூடாது என்று உணர்ந்தோம்.

நிதிக் குழுவில் பேசினோம். காணிக்கைப் பணத்தில் ஒரு காசும் இதற்குச் செலவிடக் கூடாது என்பதில் குழுவினர் உறுதியாக இருந்தனர். அது நியாயமே. கூடுதல் மின்சாரச் செலவை ஐ.சி.எஃப்.பில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மாணவனின் தாத்தா மாதந்தோறும் தருவதாக ஏற்றார். பல வாரங்கள் ஓடிய பின் முதல் விடை வந்தது. பகா எண் அன்று. பையன் முகம் வாடவில்லை. அடுத்த எண்ணை வாங்கி வைத்து விட்டுப் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போய்விட்டான்.

யூபிலி கொண்டாடும் நம் பங்கும் இப்படித்தான் வளர்ந்தது. லோகோவிலும் கேரேஜிலும் ஆலைகளிலும் உழைத்து வந்து, மாலையில் ஆலயத் திண்ணையைக் கழுவியவர்கள், மாதந்தோறும் சிறு சந்தா கட்டியவர்கள், நோயாளிகளைப் பார்க்கப் போனவர்கள் ஆகியோர் பலரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் நட்டதன் பலனைப் பலர் கண்ணால் காணவும் இல்லை. பெயர் பொறிக்கப்பட்டவர்களுக்கு நன்றி சொல்லும் இந்நாளில், பொறிக்கப்படாதவர்களையும் திருப்பலியில் நினைவுகூர்வோம். தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் கொடுத்த, தாம் செய்த பிழையால் கூட உலகுக்கு உதவிய அருட்தந்தை மெர்சென் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக. நம் பாதுகாவலி லூர்து அன்னை நம் பங்கின் பிள்ளைகளைக் காப்பாராக.

இறை ஆசீருடன்,
பங்குத் தந்தை, பெரம்பூர்